வீட்டில் படிக்கும் பிள்ளையும் பத்தாவது பரீட்சையும்: தவிர்க்க வேண்டிய தவறுகள்

ஹோம்ஸ்கூலிங் செய்யும் பெற்றோரிடம் பரீட்சை பற்றிக் கேட்டால், "பத்தாவது வரும்போது என்.ஐ.ஓ.எஸ்.ல எழுதிக்கலாம்" என்ற பதில்தான் பெரும்பாலும் வரும். என்.ஐ.ஓ.எஸ். என்பது பள்ளிக்குப் போகாமலேயே பரீட்சை எழுத உதவும் தேசிய திறந்தநிலைப் பள்ளி நிறுவனம். எழுதலாம்தான், 14 வயது முடிந்தால் பதிவு செய்துவிடலாம். ஆனால் அதுவரை பரீட்சைப் பேச்சையே எடுக்காமல் இருக்கிறோம் பாருங்கள், நான் பார்த்ததில் அதுதான் பெரிய தவறு.

பாடம் தெரியாமல் பிள்ளைகள் திணறுவது குறைவு. மூன்று மணி நேரம் ஒரே இடத்தில் உட்கார்ந்து கையால் எழுதிப் பழக்கமே இருக்காது, சிக்கல் அங்கேதான். என் மகள் ஒளிச்சேர்க்கை பற்றி அரை மணி நேரம் அழகாகப் பேசுவாள், அதையே ஐந்து மதிப்பெண்ணுக்கு எழுது என்றதும் இரண்டு வரி எழுதிவிட்டுப் பேனாவை வைத்துவிட்டாள். எவ்வளவு எழுதினால் போதும், எந்தக் கேள்வியை விட்டுவிட்டு அடுத்ததற்குப் போகலாம் என்பதெல்லாம் தனியாகப் பழக வேண்டியவை. ஆறு மாதம் முன்பே பழைய கேள்வித்தாள்களை எடுத்து, எதிரே கடிகாரத்தை வைத்து, வாரத்துக்கு ஒன்று எழுத வையுங்கள். தயவுசெய்து பக்கத்தில் உட்காராதீர்கள். அம்மா முகத்தைப் பார்த்தே விடை சரியா தப்பா என்று கண்டுபிடிக்கும் பழக்கம் வீட்டில் படிக்கும் பிள்ளைகளுக்கு உண்டு.

அப்புறம் பாடத் தேர்வு. ஐந்து பாடம் போதும், கணக்கு கட்டாயமில்லை என்றதும் பிள்ளைக்குப் பிடிக்காத கணக்கைத் தூக்கிவிடுகிறோம். இரண்டு வருஷம் கழித்து அதே பிள்ளை இன்ஜினியரிங் படிக்கணும் என்று வந்து நின்றால் பிளஸ் டூ கணக்குக்கு அடித்தளமே இருக்காது. 14 வயது வெறுப்பை நம்பி விட்டுவிடாதீர்கள்.

டி.எம்.ஏ. என்ற, ஆசிரியர் திருத்தி மதிப்பெண் போடும் அசைன்மென்டைக் கடைசி நாள் வரை தள்ளிப்போடுவதும் நடக்கிறது. 20 சதவீத மதிப்பெண் அதில் இருக்கிறது, அதுவும் வீட்டிலேயே நிதானமாக எழுதலாம். செய்முறை உள்ள பாடம் என்றால் அதில் தனியாகத் தேறணும், மறக்க வேண்டாம்.

எல்லாப் பாடத்தையும் ஒரே மூச்சில் எழுத வைக்கும் அவசரம்தான் எனக்குப் புரியவே இல்லை. ஒரு பதிவு ஐந்து வருஷத்துக்குச் செல்லும், அதற்குள் ஒன்பது வாய்ப்பு, வருஷத்துக்கு இரண்டு முறை தேர்வு. பக்கத்து வீட்டுப் பையனோடு சேர்ந்து முடிக்கணும் என்ற கவலை நமக்குத்தான், பிள்ளைக்கு இல்லை. என் மகள் ஐந்து பாடத்தையும் மூன்று தடவையாகப் பிரித்துத்தான் எழுதினாள்.