காலி முகத்திடலில் நின்று பழகும் கடலோட்டம்: பாய்ப்படகுக்குப் புதியவர்களுக்கு

பாய்ப்படகு பழகுகிறவர்கள் எல்லோரும் பாயில்தான் தொடங்குகிறார்கள். பொல்கொட வாவிக்குச் சில வார இறுதிகள் போய் வந்தால் காற்றைப் பிடிக்கவும் படகைத் திருப்பவும் கை வந்துவிடும். வாவியில் எந்தப் பக்கம் திரும்பினாலும் கரை தெரியும், அதனால் எங்கே நிற்கிறோம் என்று யாரும் யோசிப்பதில்லை. கடலுக்கு வந்தால் முதல் கேள்வியே அதுதான்.

போனில் ஜிபிஎஸ் இருக்கிறதே என்பீர்கள். இருக்கட்டும், நானும் வைத்திருக்கிறேன். ஆனால் உப்புத் தண்ணீர் பட்ட திரை விரலுக்குக் கட்டுப்படாது. நடு வெயிலில் சூடேறினால் போன் தானாகவே அணைந்துவிடும். ஆகவே படகு நிற்கும் இடத்தை, ஒன்றோடொன்று சம்பந்தமில்லாத இரண்டு வழிகளில் கேட்டுப் பழகுங்கள். ஒன்று திரை, மற்றது கரை. கரையைக் கேட்கப் பழகுவதற்குப் படகுகூடத் தேவையில்லை. கொழும்பில் இருப்பவருக்குக் காலி முகத்திடல் போதும்.

வேண்டிய சாமான்கள்: கொழும்புக் கடற்பரப்பைக் காட்டும் கடல் வரைபடம், கையில் பிடித்துப் பார்க்கும் திசைகாட்டி, டிவைடர், பாகைமானி, நீளமான அடிமட்டம், 2பி பென்சில், நல்ல அழிறப்பர். பேனை வேண்டாம்.

1. வரைபடத்தைச் சாப்பாட்டு மேசையில் விரியுங்கள்

முதலில் பார்க்க வேண்டியது அச்சான ஆண்டு. வேறு ஊர்களில் இது சம்பிரதாயமாக இருக்கலாம், கொழும்பில் அப்படியல்ல. தெற்குத் துறைமுகத்தின் புதிய அலைத்தடுப்புச் சுவர் 2012இல் முடிந்தது. துறைமுக நகரத்துக்காக 269 ஹெக்டேயர் கடலை நிரப்பும் வேலை 2019இல் முடிந்தது. 2021இல் எக்ஸ்-பிரஸ் பேர்ள் கப்பல் எரிந்து, கொழும்புக்கும் நீர்கொழும்புக்கும் வெளியே மூழ்கியது. யாரோ மலிவாகக் கொடுத்த 2005ஆம் ஆண்டு வரைபடத்தில் இவை ஒன்றும் இருக்காது. இன்று தெருவும் கட்டடமும் உள்ள இடம் அதில் கடலாக இருக்கும். அதைச் சட்டம் போட்டுச் சுவரில் மாட்டுங்கள், படகில் கொண்டு போக வேண்டாம்.

அடுத்தது ஆழம். கடல் பகுதியில் இறைந்து கிடக்கும் எண்கள் மீற்றர் கணக்கில் ஆழத்தைச் சொல்கின்றன. மிகத் தாழ்ந்த வற்றின்போது இருக்கும் நீர்மட்டத்திலிருந்து அவை அளக்கப்பட்டவை. வெளிநாட்டுப் பாடநூல்கள் வற்றுப்பெருக்குக் கணக்குக்குப் பக்கம் பக்கமாக ஒதுக்கும். கொழும்பில் வற்றுக்கும் பெருக்குக்கும் இடையே ஒரு மீற்றர்கூட இல்லை, ஆகவே அந்த அத்தியாயங்களை இப்போதைக்குப் புரட்டிவிட்டுப் போகலாம். நமக்குப் பிரச்சினை அலை. 2 மீற்றர் ஆழம் என்று நம்பிப் போன இடத்தில் பெரிய அலையின் பள்ளத்தில் படகு இறங்கினால், அடிக்கட்டை தரையில் இடிக்கும்.

தூரம் அளக்க வரைபடத்தின் இடது அல்லது வலது ஓரத்தில் உள்ள அகலக்கோட்டு அளவைப் பயன்படுத்துங்கள். அதில் ஒரு கலை (ஒரு பாகையின் அறுபதில் ஒரு பங்கு) என்பது ஒரு கடல்மைல், அதாவது 1852 மீற்றர். கீழ் ஓரத்து நெடுங்கோட்டு அளவில் டிவைடரை வைக்கவே கூடாது. கொழும்பு 7 பாகைக்குக் கிட்ட இருப்பதால் அங்கே வைத்தாலும் பிழை ஒரு சதவீதத்துக்குள்தான் வரும், யாரும் கண்டுபிடிக்கமாட்டார்கள். அதுதான் வில்லங்கம். கெட்ட பழக்கம் கையோடு வந்துவிடும், பிறகு 50 பாகையில் ஐரோப்பாப் பக்கம் படகு ஓட்டக் கிடைத்தால் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் கணக்குத் தவறும்.

கப்பல் வழியின் இரு ஓரத்தையும் காட்டும் மிதவைகளின் நிறத்தையும் இப்போதே மனதில் வைத்துக்கொள்ளுங்கள். இலங்கையில் கடலிலிருந்து துறைமுகத்துக்குள் வரும்போது சிவப்பு இடப்பக்கம், பச்சை வலப்பக்கம். வெளியே போகும்போது மாறிவிடும். அமெரிக்காவில் இது தலைகீழ். யூடியூபில் அமெரிக்கர்களின் காணொளி பார்த்துப் படிக்கிறவர்கள் கவனம்.

2. திசைகோள் எடுத்துப் பழகுங்கள்

சாதாரண தரக் கணிதத்தில் படித்த அதே திசைகோள்தான். வடக்கிலிருந்து வலஞ்சுழியாக 000 முதல் 359 வரை, எப்போதும் மூன்று இலக்கம். "இதெல்லாம் வாழ்க்கையில் எங்கே உதவப் போகிறது" என்று அன்று கேட்டவர்களுக்கு இதோ பதில்.

காலி முகத்திடலின் தெற்கு முனைக்குப் போங்கள். பழைய பீரங்கிகள், இரும்புக் கம்பி வேலி, நிறுத்தியிருக்கும் வாகனங்கள் எல்லாவற்றிலிருந்தும் பல அடி தள்ளி நில்லுங்கள். போனைப் பையில் போட்டுத் தள்ளி வையுங்கள். இரும்பும் காந்தமும் ஊசியை இழுக்கும். படகிலும் இதே கதைதான்: இயந்திரத்துக்குப் பக்கத்தில் நின்று எடுத்த அளவை நம்ப முடியாது.

வரைபடத்திலும் கண்ணிலும் ஒருசேரத் தெரியும் இரண்டு பொருள்களைத் தேர்ந்தெடுங்கள். தாமரைக் கோபுரம் ஒன்று. வடக்கே கோட்டைப் பக்கம் அடையாளம் தவறாத உயர்ந்த கட்டடம் மற்றது. ஒவ்வொன்றையும் திசைகாட்டி வழியாகப் பார்த்து, ஊசி ஆடி அடங்கும்வரை பொறுத்து, எண்ணை உடனே எழுதுங்கள். மூன்று தடவை எடுத்து நடுவில் வருவதை வைத்துக்கொள்வது நல்லது.

இனித் திருத்தம். காந்த வடக்கு உண்மை வடக்கல்ல. கொழும்பில் இந்த வித்தியாசம் ஏறத்தாழ 2 பாகை மேற்கு. வரைபடத்தில் அச்சிட்டிருக்கும் திசை வட்டத்தில் சரியான எண்ணும், அது ஆண்டுக்கு எவ்வளவு மாறுகிறது என்பதும் இருக்கும். மேற்கு என்றால் கழிக்க வேண்டும்: திசைகாட்டி 064 என்றால் உண்மைத் திசைகோள் 062. பிறகு வரைபடத்தில் தாமரைக் கோபுரத்தின் மேல் பென்சிலை வைத்து, 062இன் எதிர்த்திசையில் கடலை நோக்கி ஒரு கோடு. நீங்கள் அந்தக் கோட்டில் எங்கோ நிற்கிறீர்கள். மற்றக் கட்டடத்துக்கும் ஒரு கோடு. இரண்டும் வெட்டும் இடம் நீங்கள் நிற்கும் இடம்.

இப்போது போனை எடுத்து ஒப்பிடுங்கள். திடலிலேயே கோடு வெட்டினால் முதல் பாடம் தேறியது. கொஞ்சம் தள்ளி வெட்டினால் கூட்டல் கழித்தலை மாற்றியிருக்கலாம். பேர வாவிக்குள் நிற்பதாக வந்தால் பெரும்பாலும் கட்டடத்தைப் பிழையாக அடையாளம் கண்டிருப்பீர்கள்.

இதே பயிற்சியை வெள்ளவத்தைக் கடற்கரையில் செய்து பாருங்கள். அங்கிருந்து தாமரைக் கோபுரம் கிட்டத்தட்ட நேர் வடக்கே, கல்கிசை முனை கிட்டத்தட்ட நேர் தெற்கே. இரண்டு கோடும் ஒன்றின் மேல் ஒன்றாகப் படுத்துக்கொள்ளும், எந்த இடத்தில் வெட்டுகிறது என்றே தெரியாது. கரையை விட்டு மேற்கே 3 கடல்மைல் போனால் அதே கோபுரம் 046க்குக் கிட்டவும் அதே முனை 126க்குக் கிட்டவும் வரும். இடையில் 80 பாகை, அருமையான வெட்டு. பொருள்கள் மாறவில்லை, கோணம்தான் மாறியிருக்கிறது. 60க்கும் 120க்கும் இடைப்பட்ட கோணம் கிடைக்கும்படி பொருள்களைத் தேர்ந்தெடுப்பதுதான் இதில் உள்ள கெட்டித்தனம். கிடைத்தால் மூன்றாவது பொருளையும் சேருங்கள். மூன்று கோடும் ஒரு சிறு முக்கோணமாக மூடும். முக்கோணம் பெரிதாக இருந்தால் மூன்றில் ஒன்று பொய் சொல்கிறது.

திசைகாட்டியே வேண்டாத முறையும் உண்டு. முன்னும் பின்னுமாக உள்ள இரண்டு பொருள்கள் கண்ணுக்கு ஒரே நேரில் வந்தால், அந்தக் கணம் நீங்கள் அவற்றை இணைக்கும் கோட்டில் இருக்கிறீர்கள். மீன்படும் பாரை, அதாவது கடலடிப் பாறைத் திட்டை, கோயில் கோபுரத்தையும் பனையையும் நேர்பார்த்து மறுபடி கண்டுபிடிக்கும் மீனவர்கள் காலங்காலமாகச் செய்வது இதைத்தான். வல்வெட்டித்துறையில் கட்டிய அன்னபூரணி என்ற பாய்க்கப்பல் 1938இல் அமெரிக்காவின் குளொஸ்ரர் துறைமுகம்வரை பாய் விரித்துப் போய்ச் சேர்ந்தபோது, அதில் இருந்தவர்கள் கையில் போன் இருக்கவில்லை.

இரவில் வெளிச்சவீடுகள் இதே வேலையைச் செய்யும். ஒவ்வொன்றும் தனக்கென்று ஒரு தாளத்தில் மின்னும், அந்தத் தாளம் வரைபடத்தில் எழுதியிருக்கும். கடிகாரத்தை வைத்து எண்ணிப் பார்த்துவிட்டுத்தான் பெயர் சொல்ல வேண்டும்.

3. கணக்குப்படி எங்கே?

கரை மழையில் மறைந்துவிட்டால்? கடைசியாக உறுதியாகத் தெரிந்த இடம், அதன் பின் போன திசை, வேகம், நேரம் ஆகியவற்றை வைத்து இப்போதைய இடத்தைக் கணிக்க வேண்டும். 5 நொட், அதாவது மணித்தியாலத்துக்கு 5 கடல்மைல், வேகத்தில் போகும் படகு 12 நிமிடத்தில் ஒரு கடல்மைல் போகும். கொழும்புத் துறைமுகத்திலிருந்து நீர்கொழும்பு சுமார் 15 கடல்மைல், அதாவது 3 மணித்தியாலம். அரை மணிக்கு ஒரு தடவை நேரம், திசை, வேகம் மூன்றையும் கொப்பியில் எழுதுங்கள். அலுப்பான வேலைதான். ஆனால் எழுதாத கொப்பியை வைத்துக் கணிக்க முடியாது.

நீரோட்டமும் காற்றும் படகை ஓரமாகத் தள்ளும் என்பதால் இந்தக் கணிப்பு எப்போதும் கொஞ்சம் பிசகும். கரை தெரிந்தவுடன் திசைகோள் எடுத்துச் சரிசெய்யுங்கள்.

4. காற்றைக் கேளுங்கள்

வானொலிச் செய்தியின் கடைசியில் வரும் "புத்தளத்திலிருந்து கொழும்பு ஊடாகக் காலி வரையான கடற்பரப்பு" என்ற வரியைப் பலரும் காதில் போட்டுக்கொள்வதில்லை. இனி அது உங்களுக்கான செய்தி. காற்றின் வேகத்தை மணித்தியாலத்துக்கு இத்தனை கிலோமீற்றர் என்பார்கள். 1.85ஆல் வகுத்தால் நொட். 30 என்றால் 16 நொட், பழகியவர் கூட இருந்தால் புதியவருக்கு அதுவே மேல் எல்லை என்பேன். 50 என்றால் 27 நொட், அன்று வீட்டில் இருந்து முடிச்சுப் பழகலாம். "அவ்வப்போது அதிகரிக்கலாம்" என்று சொன்னால் அந்தப் பெரிய எண்ணைத்தான் கணக்கில் எடுக்க வேண்டும்.

மே முதல் செப்டெம்பர் வரை சோளகம். கடலிலிருந்து நேரே மேற்குக் கரையில் மோதும் காற்று. அந்தக் காலத்தில் இயந்திரம் நின்றாலோ பாய் கிழிந்தாலோ படகு தானாகவே கரையை நோக்கித் தள்ளப்பட்டு, அலை உடையும் இடத்துக்குப் போய்விடும். மண்ணுக்குப் பக்கத்தில் இருப்பது பாதுகாப்பு என்று நிலத்து மனிதர்களுக்குத் தோன்றும். காற்று கரைப்பக்கம் தள்ளும்போது ஆழ்கடல்தான் பாதுகாப்பு, கரைதான் ஆபத்து. டிசெம்பர் முதல் பெப்ரவரி வரை வாடை நிலத்திலிருந்து வீசுவதால் கொழும்புப் பக்கக் கடல் அடங்கியிருக்கும். பழக இதுதான் காலம். விடியலில் நிலக்காற்று, மதியத்துக்குப் பிறகு கடற்காற்று, இரண்டையும் பார்த்துப் புறப்பாட்டை வையுங்கள்.

இரண்டுக்கும் நடுவே, மார்ச்-ஏப்ரலிலும் ஒக்டோபர்-நவம்பரிலும், பின்னேரத்து இடிமழை ஒரு தனிச் சங்கதி. நாள் முழுக்க இலை அசையாது, பிறகு கருமேகத்தின் அடியிலிருந்து திடீரென்று குளிர்ந்த காற்று பாய்ந்து வரும். மேகம் கறுக்கும்போதே பாயைச் சுருக்குங்கள். காற்று வந்த பிறகு சுருக்குவது இரட்டிப்பு வேலை.

5. கப்பல்களுக்கு ஒதுங்குங்கள்

18 நொட் வேகத்தில் வரும் கொள்கலன் கப்பல் 3 கடல்மைலை 10 நிமிடத்தில் கடந்துவிடும். தாழ்ந்த படகில் இருப்பவர் கண்ணுக்கு அடிவானமே கிட்டத்தட்ட அவ்வளவு தூரம்தான். கப்பலைக் கண்டதும் திசைகோள் எடுங்கள், ஒரு நிமிடம் கழித்து மறுபடி எடுங்கள். எண் மாறிக்கொண்டு போனால் அது முன்னாலோ பின்னாலோ கடந்துபோகும். எண் மாறாமல் கப்பல் மட்டும் பெரிதாகிக்கொண்டு வந்தால் மோதப் போகிறது, உடனே திசையைத் தெளிவாக மாற்றுங்கள்.

1972ஆம் ஆண்டுச் சர்வதேச விதிகளின்படி இயந்திரப் படகு பாய்ப்படகுக்கு வழிவிட வேண்டும் என்பதைப் பிடித்துக்கொண்டு பெரிய கப்பலுக்கு முன்னால் நிற்காதீர்கள். ஒடுங்கிய கால்வாயில் அந்த உரிமை உங்களுக்கு இல்லை. மீன்பிடித்துக்கொண்டிருக்கும் படகுக்கு நீங்கள்தான் ஒதுங்க வேண்டும். இரண்டு பாய்ப்படகுகள் எதிர்ப்பட்டால், காற்று இடப்பக்கத்தில் படுகிற படகு வழிவிடும். ஐந்து குறுகிய ஊதல் கேட்டால் "நீ என்ன செய்கிறாய் என்று புரியவில்லை" என்று அர்த்தம். பெரும்பாலும் உங்களைத்தான் கேட்கிறார்கள்.

6. கைவேலை

ஆயிரம் முடிச்சு வேண்டாம், போலைன் ஒன்றை இருட்டிலும் கட்டத் தெரிந்தால் பாதி வேலை முடிந்தது. நீண்ட கயிற்றில் ஒரு சிறு வளையம் போடுங்கள், நுனிப் பக்கம் மேலே கிடக்க வேண்டும். நுனியைக் கீழிருந்து வளையத்துக்குள் விட்டு மேலே எடுங்கள். நீண்ட கயிற்றின் பின்னால் சுற்றி, வந்த வளையத்துக்குள்ளேயே திரும்ப இறக்கி இறுக்குங்கள். எவ்வளவு பாரம் இழுத்தாலும் நழுவாது, பிறகு விரலால் தள்ளினால் அவிழும்.

நங்கூரத்துக்குக் கயிறென்றால் ஆழத்தைப் போல ஏழு மடங்கு, சங்கிலியென்றால் நான்கு மடங்கு விடுங்கள். விட்டபின் கரையில் இரண்டு பொருள்களை நேர்பார்த்துக்கொள்ளுங்கள். நேர் கலைந்துகொண்டே போனால் நங்கூரம் பிடிக்கவில்லை.

ஆள் விழுந்தால்: கத்துங்கள், மிதவையை எறியுங்கள், ஒருவர் விழுந்தவரை விட்டுக் கண் எடுக்காமல் விரல் நீட்டிக்கொண்டே இருக்கட்டும். மற்றவர் படகைத் திருப்பட்டும். உயிர்காப்பு அங்கி உடலில் இருக்க வேண்டும், பெட்டிக்குள் அல்ல.

7. முதல் பயணம்

பழகிய ஒருவரோடு, பகலில், வாடைக் காலத்தில். துறைமுக எல்லைக்குள் தன்பாட்டில் நுழைய முடியாது. எந்தப் பகுதிக்கு யாருடைய அனுமதி வேண்டும் என்பதைப் படகுக் கழகத்தில் கேட்டு முடித்துவிட்டே புறப்படுங்கள். வானலைக் கருவியை 16ஆம் அலைவரிசையில் திறந்து வையுங்கள், ஆபத்து அழைப்புக்கு உலகெங்கும் அதுதான். போக வேண்டிய பாதையை முதல் நாளே வரைபடத்தில் கோடு போட்டு, வழியில் எந்தெந்தப் பொருள் எந்தத் திசைகோளில் வரும் என்று கொப்பியில் குறித்துக்கொள்ளுங்கள். இடையில் திரும்ப நேர்ந்தால் எங்கே ஒதுங்குவது என்பதையும் அதில் சேருங்கள்.

கரையில் இருக்கும் ஒருவரிடம் ஒரு துண்டுத் தாள் கொடுத்துவிட்டுப் போங்கள்: படகின் பெயர், ஆட்கள் எத்தனை பேர், திரும்பும் நேரம், அந்த நேரம் தாண்டினால் யாருக்கு அழைக்க வேண்டும்.