விடுமுறை நாளில் வேலை: தொழிலாளரும் முதலாளியும் தவிர்க்க வேண்டிய தவறுகள்

ஆகஸ்ட் 15, காலை ஏழு மணி. மதுரையில் ஒரு மொத்த விற்பனைக் கடை. ஷட்டர் பாதி இறங்கியிருக்கிறது. தெருவில் போகிறவர்களுக்குக் கடை மூடியிருப்பதாகத் தோன்றும். உள்ளே நாங்கள் ஆறு பேர் நோட்டுக் கட்டுகளை எண்ணி அடுக்கிக்கொண்டிருக்கிறோம். கல்லூரி முடித்து நான் சேர்ந்த முதல் வேலை அது. கணக்குப்பிள்ளையின் மேசையில் வருகைப் பதிவேடு விரிந்து கிடந்தது. அன்றைய தேதிக்கு நேராக ஆறு பேருக்கும் சிவப்பு மையில் ‘வி’ என்று முதல் நாளே எழுதிவைத்திருந்தார்கள். ‘வி’ என்றால் விடுமுறை. மதியம் ஆளுக்கு ஒரு பிரியாணிப் பொட்டலமும் நூறு ரூபாயும் கொடுத்தார்கள். சந்தோஷமாக வாங்கிக்கொண்டோம். அன்றைக்கு எங்களுக்குச் சேர வேண்டியது இரட்டைச் சம்பளம் என்பது நான்கு ஆண்டுகள் கழித்துத்தான் எனக்குத் தெரிந்தது.

கடைகளிலும் ஓட்டல்களிலும் சிறு அலுவலகங்களிலும் வேலை பார்க்கும் பலர் இன்றும் அதே இடத்தில்தான் நிற்கிறார்கள். விடுமுறை என்பது முதலாளி மனம் வைத்துக் கொடுக்கும் சலுகை என்று நினைக்கிறார்கள். பல முதலாளிகளும் அப்படியே நம்புகிறார்கள். தமிழ்நாட்டில் இதற்கென்று தனிச் சட்டமே இருக்கிறது: 1958ஆம் ஆண்டின் தொழில் நிறுவனங்கள் (தேசிய மற்றும் பண்டிகை விடுமுறைகள்) சட்டம். பெயரில் ‘தொழில்’ என்று இருப்பதால் ஆலைகளுக்கு மட்டும் உரியது என்று எண்ணிவிடக் கூடாது. ஜவுளிக் கடை, மளிகைக் கடை, உணவகம், கணினி நிறுவனம் எல்லாமே இதற்குள் வருகின்றன.

அரசுப் பட்டியலைத் தனியாருக்குப் பொருத்திப் பார்ப்பது

ஒவ்வோர் ஆண்டும் தமிழக அரசு வெளியிடும் பொது விடுமுறைப் பட்டியலில் 24 நாள் வரை இருக்கும். அது 1881ஆம் ஆண்டின் செலாவணி முறிச் சட்டத்தின் கீழ் அறிவிக்கப்படுவது. அரசு அலுவலகங்களுக்கும் வங்கிகளுக்குமானது. அந்தப் பட்டியலைக் கையில் வைத்துக்கொண்டு “இன்றைக்கு அரசு விடுமுறை, எங்களுக்கு ஏன் இல்லை?” என்று கேட்டால், “தனியாருக்கு அதெல்லாம் கிடையாது” என்று ஒரே வரியில் பதில் வரும். அந்தப் பட்டியலைப் பொறுத்தவரை பதில் சரிதான். ஆனால் கேட்டவர் அதோடு அடங்கிப்போய், தனியாருக்கு எந்த விடுமுறையுமே கிடையாது என்று முடிவு கட்டிவிடுகிறார். இழப்பு அங்கேதான் தொடங்குகிறது.

தனியார் தொழிலாளிக்கு ஆண்டுக்கு 9 நாள் சம்பளத்துடன் விடுமுறை உண்டு. ஜனவரி 26, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2 ஆகிய நான்கும் கட்டாயம். இவற்றோடு ஐந்து பண்டிகை நாட்கள்.

இந்த நான்கில் மே 1ஐப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். இந்தியாவிலேயே முதன்முதலாக மே தினம் கொண்டாடப்பட்டது நம் சென்னையில், 1923இல், சிங்காரவேலர் முன்னின்று நடத்த. அந்த மண்ணில் மே 1 அன்று ஒருவர் எட்டு மணி நேரம் நின்றபடி துணி விரித்துக் காட்டிவிட்டு, வெறும் சம்பளத்தோடு வீடு திரும்புகிறார் என்றால் மனம் ஆறவில்லை.

ஐந்து பண்டிகைகளை முதலாளி மட்டும் முடிவு செய்வது

எந்த ஐந்து பண்டிகைகள் என்பதை நிறுவனமும் தொழிலாளர்களும் கலந்து பேச, தொழிலாளர் துறை ஆய்வாளர் அதைக் குறித்துத் தர வேண்டும் என்பதே சட்டத்தின் ஏற்பாடு. நடைமுறையில் பெரும்பாலான கடைகளில் ஜனவரியில் ஒரு தாள் ஒட்டப்படும், அவ்வளவுதான். பத்துப் பேரில் மூவர் ரம்ஜான் கொண்டாடுகிறவர்களாக இருந்தும் பட்டியலில் ரம்ஜான் இல்லாத கடையை நான் பார்த்திருக்கிறேன். யாரும் கெட்ட எண்ணத்தில் செய்யவில்லை. டிசம்பரில் யாரும் கேட்கவில்லை, யாரும் சொல்லவில்லை.

பேசும்போது நாட்காட்டியைப் பக்கத்தில் வைத்துக்கொள்ளுங்கள். 2026இல் தீபாவளி நவம்பர் 8, ஞாயிற்றுக்கிழமை. ஞாயிறு வார விடுமுறை உள்ள இடத்தில் ஐந்தில் ஒன்றாகத் தீபாவளியை எழுதிவிட்டால் கையில் கிடைப்பது நான்குதான். இதை முன்கூட்டியே பேசித் தீர்ப்பது எளிது. அக்டோபர் கடைசியில் பேசினால் மனக்கசப்புதான் மிஞ்சும்.

விடுமுறை நாளில் வேலைக்குக் கூப்பிடுவதும் போவதும்

தவறுகள் மலிந்த இடம் இதுதான்.

விடுமுறை நாளில் வேலைக்கு அழைக்கவே கூடாது என்று சட்டம் சொல்லவில்லை. ஆனால் குறைந்தது 24 மணி நேரத்துக்கு முன் எழுத்தில் அறிவிக்க வேண்டும். அந்த அறிவிப்பின் நகல் ஆய்வாளருக்குப் போக வேண்டும், நிறுவனத்திலும் ஒட்டப்பட வேண்டும். முதல் நாள் இரவு பத்து மணிக்கு “நாளைக்குக் கொஞ்சம் வந்துவிட்டுப் போப்பா” என்று அண்ணாச்சி போனில் சொல்வது அறிவிப்பு ஆகாது.

வேலை செய்தவருக்கு இரண்டு வழிகள் உண்டு. ஒன்று, அன்றைக்கு இரட்டைச் சம்பளம். அல்லது, அன்றைய சம்பளமும் அதற்கு ஈடாக இன்னொரு நாள் சம்பளத்துடன் கூடிய விடுமுறையும். இரண்டில் எது வேண்டும் என்று தேர்ந்தெடுக்கும் உரிமை தொழிலாளியுடையது. பலரும் தலைகீழாகப் புரிந்துகொண்டிருப்பது இதைத்தான். “நம்மிடம் இரட்டைச் சம்பளமெல்லாம் கிடையாது, வேண்டுமானால் அடுத்த வாரம் ஒருநாள் எடுத்துக்கொள்” என்று நிறுவனமே முடிவு செய்கிறது. அந்த ஒருநாளும் அடுத்த வாரம், அடுத்த மாதம் என்று தள்ளிப்போய்க் கடைசியில் மறந்துபோகிறது. மாற்று விடுமுறையை ஏற்றுக்கொள்வதாக இருந்தால், எந்தத் தேதி என்பதை அன்றைக்கே கேட்டுக் குறித்துக்கொள்ளுங்கள்.

மாதச் சம்பளக்காரர்கள் கணக்கிலும் தடுமாறுகிறார்கள். மாதம் 15,600 ரூபாய் வாங்குகிறவருக்கு 26 நாள் கணக்கு வைத்தால் ஒரு நாள் சம்பளம் 600 ரூபாய். வேலைக்கு வராமல் இருந்தாலும் விடுமுறை நாளுக்கான 600 ரூபாய் மாதச் சம்பளத்துக்குள் இருக்கிறது. வேலைக்கு வந்தால் அன்றைக்கு உரியது 1,200. ஆகவே சம்பளத்துக்கு மேல் இன்னொரு 600 ரூபாய் கைக்கு வர வேண்டும். “உனக்குத்தான் முழு மாதச் சம்பளமும் கொடுத்துவிட்டேனே” என்ற பேச்சில் அந்த 600 ரூபாய் காணாமல் போகிறது. பேட்டா, சாப்பாடு, புதுத்துணி எதுவும் அதற்கு ஈடல்ல.

வார விடுமுறையைப் பண்டிகையோடு மாற்றிக்கொள்வது

“திங்கட்கிழமை பண்டிகைக்குக் கடை மூடியாகிவிட்டது, அதனால் இந்த வாரம் ஞாயிறு வர வேண்டும்.” இப்படிக் கேட்டிருப்பீர்கள். வார விடுமுறை வேறு, பண்டிகை விடுமுறை வேறு. 1947ஆம் ஆண்டின் தமிழ்நாடு கடைகள் மற்றும் நிறுவனங்கள் சட்டப்படி வாரத்தில் ஒரு நாள் ஓய்வு தனியாக உண்டு. கடைத் தொழிலாளிக்கு அந்த நாளுக்காகச் சம்பளத்தில் பிடிக்கவும் கூடாது.

இதையொட்டி இன்னொரு குழப்பம். பத்து அல்லது அதற்கு மேற்பட்டவர்கள் வேலை செய்யும் கடைகளை ஆண்டு முழுவதும் 24 மணி நேரமும் திறந்துவைக்கத் தமிழக அரசு அனுமதித்திருக்கிறது. அந்த அனுமதி கடைக்கு. ஆளுக்கு வாரம் ஒரு நாள் சுழற்சி முறையில் ஓய்வு தர வேண்டும், அன்றைக்கு யார் யார் விடுப்பில் இருக்கிறார்கள் என்ற பட்டியலைக் கண்ணில் படும்படி வைக்க வேண்டும் என்பவை அதே அனுமதியின் நிபந்தனைகள். நீங்கள் வேலை பார்க்கும் இடத்தில் அந்தப் பட்டியலைப் பார்த்திருக்கிறீர்களா?

லீவே எடுக்காமல் இருப்பதைப் பெருமையாக நினைப்பது

அதே 1947 சட்டத்தின் கீழ் ஆண்டுக்கு 12 நாள் நோய் விடுப்பும், நியாயமான எந்தக் காரணத்துக்கும் 12 நாள் விடுப்பும் உண்டு. ஓராண்டு தொடர்ந்து வேலை செய்து முடித்தவருக்கு அடுத்த ஆண்டில் சம்பளத்துடன் மேலும் 12 நாள். இந்தக் கடைசி வகையைச் சேர்த்துவைத்துக்கொள்ளலாம், அதிகபட்சம் 24 நாள் வரை. பண்டிகைக்கு ஊருக்குப் போனதை இந்த 12 நாளில் கழிப்பது தவறு. அந்த ஒன்பது நாள் கணக்கு தனி.

வாக்குப்பதிவு நாளில் இரண்டு மணி நேர அனுமதி

தேர்தல் நாளில் “போய் ஓட்டுப் போட்டுவிட்டு வா” என்று இரண்டு மணி நேரம் விடுவதைப் பல இடங்களில் விடுமுறை என்றே எண்ணுகிறார்கள். மக்கள் பிரதிநிதித்துவச் சட்டம், 1951இன் 135பி பிரிவு வாக்குப்பதிவு நாளில் முழுநாளும் சம்பளத்துடன் விடுமுறை தரச் சொல்கிறது. தினக்கூலிக்காரருக்கும் அன்றைய கூலி உண்டு. சென்னையில் வேலை, ஓட்டு திருநெல்வேலியில் என்றாலும் இந்த உரிமை உண்டு என்று தேர்தல் ஆணையம் தெளிவுபடுத்தியிருக்கிறது. ஆள் இல்லாவிட்டால் ஆபத்தோ பெரும் நட்டமோ நேரக்கூடிய பணிகளுக்கு மட்டும் விலக்கு. மீறும் முதலாளிக்கு அபராதம் 500 ரூபாய் வரைதான். அது மிகக் குறைவு என்றே நான் நினைக்கிறேன்.

கையில் எதுவும் இல்லாமல் புகார் கொடுப்பது

தேசிய விடுமுறை நாட்களில் தொழிலாளர் துறையினர் கடைகளிலும் உணவகங்களிலும் ஆய்வு நடத்துவதையும், இத்தனை நிறுவனங்கள் மீது நடவடிக்கை என்று மறுநாள் நாளிதழில் செய்தி வருவதையும் பார்த்திருப்பீர்கள். அவர்கள் வரும்போது கேட்கும் முதல் கேள்வியே பதிவேடு எங்கே என்பதுதான். எங்கள் கடைப் பதிவேட்டில் ‘வி’ இருந்தது. அதற்கு எதிராகக் காட்ட எங்களிடம் ஒரு துண்டுக் காகிதம்கூட இல்லை.

ஆகவே ஒரு சிறிய டைரி வைத்துக்கொள்ளுங்கள். விடுமுறை நாளில் எத்தனை மணிக்குப் போனீர்கள், எத்தனை மணிக்குத் திரும்பினீர்கள், யார் கூப்பிட்டார்கள் என்பதை அன்றன்றைக்கே எழுதுங்கள். வேலைக்கு வரச் சொன்ன வாட்ஸ்அப் செய்தியை அழிக்காதீர்கள். அன்றைக்கு நீங்கள் போட்ட பில்லின் எண்ணைக் குறித்துவைத்தாலே போதும்; தேதியும் நேரமும் அதில் இருக்கும். உங்கள் மாவட்டத் தொழிலாளர் உதவி ஆணையர் (அமலாக்கம்) அலுவலகத்துக்கு எழுதும் மனுவில் “பல ஆண்டுகளாக லீவு தரவில்லை” என்று பொதுவாக எழுதாமல், எந்தெந்தத் தேதிகள் என்று வரிசையாக எழுதுங்கள்.

சிறு கடை நடத்துகிறவர்களுக்கும் இதையே சொல்வேன். அறிவிப்பை எழுதிக் கொடுங்கள், இரட்டைச் சம்பளம் கொடுத்ததற்குக் கையெழுத்து வாங்கிவையுங்கள். ஆய்வாளர் வரும் நாளில் ஷட்டரை இறக்க வேண்டிய அவசியம் உங்களுக்கு வராது.