முன்பின் தெரியாதவருடன் அரை மராத்தான்: தவிர்க்க வேண்டிய தவறுகள்

21.1 கிலோமீட்டர் ஓடும் அரை மராத்தானில் யாராவது ஒருவர் பக்கத்தில் வந்து "எப்படிப் போகுது?" என்று கேட்டு, அப்படியே கூட ஓட ஆரம்பித்துவிடுவார். 15 கிலோமீட்டருக்கு மேல் கால் கனக்கும்போது அந்தத் துணை பெரிய வரம். புதிதாக ஓட வருகிறவர்கள் நாங்கள் ஒரு காலத்தில் செய்த அதே தவறுகளைச் செய்து, அந்த வரத்தையே வினையாக்கிக்கொள்வதைப் பார்க்கிறேன். புது ஷூ, தூக்கம் பற்றியெல்லாம் ஏற்கெனவே கேட்டிருப்பீர்கள். நேராக விஷயத்துக்கு வருகிறேன்.

அவருடைய வேகத்தில் ஓடுவது

இதைப் பார்த்தால் எனக்கு இன்னும் எரிச்சல் வருகிறது. மாதக்கணக்கில் போட்ட உழைப்பு, பேச்சு சுவாரசியத்தில் போய்விடுகிறது.

ஒரு பந்தயத்தில் ஒரு தம்பி ஆரம்பத்திலேயே என்னோடு சேர்ந்துகொண்டார். அவருடைய இலக்கு 2 மணி 15 நிமிடம். அதாவது கிலோமீட்டருக்கு 6 நிமிடம் 24 விநாடி. நான் 5:50இல் போய்க்கொண்டிருந்தேன். "இது உங்களுக்கு அதிகம் தம்பி, மெதுவா வாங்க" என்றேன். "இல்லண்ணா, வசதியாத்தான் இருக்கு" என்றார். அவர் பொய் சொல்லவில்லை. ஓய்வெடுத்த கால், கூட்டத்தின் ஆரவாரம், அட்ரினலின் எல்லாம் சேர்ந்தால் முதல் சில கிலோமீட்டருக்கு எந்த வேகமும் சுலபமாகத்தான் தெரியும்.

ஆறாவது கிலோமீட்டர் வரை தன் பயிற்சிக் கதையை விலாவாரியாகச் சொன்னார். எட்டில் பதில்கள் இரண்டு வார்த்தையாகச் சுருங்கின. பத்தில் வெறும் தலையாட்டல். பதினான்கில் இடுப்பில் கைவைத்து நின்றுவிட்டார். மீதி தூரம் நடையும் ஓட்டமுமாக வந்து சேர்ந்தபோது இரண்டரை மணி நேரம் தாண்டியிருந்தது.

34 விநாடி சின்ன வித்தியாசம்தானே என்று தோன்றும். 21.1 கிலோமீட்டருக்குக் கணக்குப் போட்டால் 12 நிமிடம்! வேகம் கூடக்கூட உடல் கொழுப்பை விட்டுவிட்டு, தசையில் சேர்த்துவைத்த சர்க்கரையை, அதாவது கிளைக்கோஜனை, அதிகமாக எரிக்கிறது. அந்தச் சேமிப்புக்கு அளவு உண்டு. உங்கள் தாங்குதிறனின் எல்லையைத் தாண்டி வெகுநேரம் ஓடிவிட்டால், அப்புறம் வேகத்தைக் குறைத்தாலும் கால் சட்டென்று மீளாது.

இன்னொன்றையும் பலர் யோசிப்பதில்லை. நேரத்தைக் கணக்கிடும் சிப், நீங்கள் தொடக்கக் கோட்டைத் தாண்டும்போதுதான் ஓட ஆரம்பிக்கிறது. எட்டாவது கிலோமீட்டரில் பக்கத்தில் வருபவர் உங்களுக்குச் சில நிமிடம் கழித்துக் கிளம்பியவராக இருக்கலாம். பக்கத்தில் இருக்கிறார் என்பதால் உங்கள் வேகத்தில் ஓடுகிறவர் ஆகிவிட மாட்டார்.

அதனால் சேர்ந்ததுமே இலக்கைக் கேளுங்கள், உங்களுடையதையும் சொல்லுங்கள். முதல் 10 கிலோமீட்டரில் ஒரு முழு வாக்கியத்தை மூச்சு வாங்காமல் பேச முடியவில்லை என்றால், "நீங்க போங்க, கடைசியில் பார்க்கலாம்" என்று சொல்லிவிட்டுப் பின்தங்குங்கள். யாரும் தப்பாக நினைக்க மாட்டார்கள். அவருடைய வேகம் குறைந்தால் உங்களை நிறுத்திவைக்கவும் கூடாது. இந்த உடன்பாடு முதலிலேயே இருந்தால் கடைசியில் சங்கடம் இல்லை.

அவர் நீட்டும் எனர்ஜி ஜெல்லை வாங்கிச் சாப்பிடுவது

வேண்டாம். பயிற்சியில் பழகாத எதையும் பந்தயத்தில் வயிற்றுக்குள் விடாதீர்கள்.

தண்ணீர் மேஜையில் திடீரென நிற்பது

பின்னால் வருபவர் உங்கள் முதுகில் மோதுவார். கையைத் தூக்கிக் காட்டி, ஓரமாக ஒதுங்கி, முதல் மேஜையை விட்டுவிட்டுக் கடைசி மேஜையில் எடுங்கள். கூட வருபவர் எங்கே நிற்பார் என்பதையும் முன்பே பேசிவைத்தால் கூட்டத்தில் தொலைய மாட்டீர்கள்.

மூன்று பேர் பக்கம் பக்கமாக ஓடுவது

இருவரோடு நிறுத்துங்கள். வழி குறுகினால் ஒருவர் பின்னால் போய்விட வேண்டும்.

விடாமல் பேசுவது

15க்கு மேல் பலருக்கு மௌனம்தான் வேண்டும். பதில் குறைந்தால் நீங்களும் குறையுங்கள்.

களைப்பு என்று விட்டுவிடுவது

இதை மட்டும் லேசாக எடுத்துக்கொள்ளாதீர்கள். கூட ஓடுபவர் சம்பந்தமில்லாமல் பேசினால், கோணலாக ஓடினால், எங்கே இருக்கிறோம் என்பதே அவருக்குக் குழம்பினால் அது வெப்பத்தாக்காக (ஹீட் ஸ்ட்ரோக்) இருக்கலாம். வியர்வை கொட்டிக்கொண்டிருந்தாலும் வரும். "இன்னும் கொஞ்சம்தான், வாங்க" என்று ஊக்கப்படுத்தாதீர்கள். நிறுத்தி, நிழலில் உட்காரவைத்து, பக்கத்திலிருக்கும் தன்னார்வலரிடம் மருத்துவக் குழுவை அழைக்கச் சொல்லுங்கள். அவர்கள் வரும்வரை தலையிலும் உடம்பிலும் குளிர்ந்த நீரை ஊற்றிக்கொண்டே இருங்கள். அவருடைய நம்பர் அட்டையின் பின்பக்கத்தையும் பாருங்கள். வீட்டு ஃபோன் எண்ணைப் பலர் அங்கேதான் எழுதிவைத்திருப்பார்கள்.