"பேண்ட் 32 தான் போடுறேன், எனக்கு எதுக்கு சுகர் டெஸ்ட்?" - ரிஸ்க் ஆளுங்கள கோட்டை விடறது இப்படித்தான்

எங்க தெருவுல ஒரு ஞாயித்துக்கிழம சுகர் கேம்ப் போட்டோம், நான் நர்ஸுங்கறதால டேப்பும் பிபி மெஷினும் என் கைல. எங்க அக்கா வீட்டுக்காரர் சேர் எடுத்து போடறாரு, வர்றவங்களுக்கு தண்ணி குடுக்கறாரு, ஆனா அவர் மட்டும் உக்கார மாட்டேங்கறாரு. "எனக்கு எதுக்கும்மா, பேண்ட் 32 தான் போடுறேன், வயசானவங்கள பாரு"ன்னாரு. ஆளு பாக்க ஒல்லிதான். "மாமா ஊசி கூட இல்ல, டேப் மட்டும்தான்"னு சொல்லி நிக்க வச்சு அளந்தேன், 37 இன்ச். பேண்ட்ட தொப்பைக்கு கீழ இறக்கி கட்டுனா 32 என்ன 30 கூட பத்தும்!

முதல் தப்பே இதுதான், ஆளப் பாத்து முடிவு பண்றது. நம்ம ஊர் உடம்புவாகு கை கால் ஒல்லி, வயிறு மட்டும் முன்னாடி. அதனாலதான் சென்னைல சுகர் டாக்டர் வி.மோகன் டீம் 2005ல, சுகர் வர்ற ரிஸ்க் எவ்வளவுன்னு பாக்க நமக்குன்னே ஒரு ஸ்கோர் போட்டாங்க, ரத்தமே எடுக்க வேணாம், வயசு, இடுப்பு சுத்தளவு, உடல் உழைப்பு, அப்பா அம்மாவுக்கு சுகர் உண்டா, நாலே கேள்வி. மாமாவுக்கு போட்டு பாத்தேன். வயசு 42, அதுக்கு 20 மார்க். இடுப்பு 94 செ.மீ., ஆம்பளைக்கு 90 தாண்டுனா 10 (பொம்பளைக்கு 80லயே ஆரம்பிச்சிடும்). நாள் பூரா உக்காந்து கணக்கு எழுதற வேல, வாக்கிங்கும் கிடையாது, 30. அப்பா அம்மா ரெண்டு பேருக்கும் சுகர், 20. மொத்தம் 80. 60 வந்தாலே ஹை ரிஸ்க்னு அர்த்தம். அளக்கறப்ப வயித்த எக்கி உள்ள இழுக்காதீங்க, மூச்ச விட்டுட்டு நில்லுங்க, கடைசி விலா எலும்புக்கும் இடுப்பெலும்புக்கும் நடுவுல டேப் வரணும்.

சரி டெஸ்ட்டுக்கு போறாங்கன்னு வைங்க, அடுத்த கூத்து அங்க. ரெண்டு நாளா ராத்திரி சப்பாத்தி, டீல சீனி கட், மூணாவது நாள் வெறும் வயித்துல மட்டும் ரத்தம் குடுத்துட்டு "நார்மல்"னு வாட்ஸப்ல போட்டுடுவாங்க. நம்ம ஆளுங்கள்ல நிறைய பேருக்கு வெறும் வயித்து சுகர் நல்லா இருக்கும், சாப்பிட்டப்புறம்தான் எகிறும். அதனால ரிஸ்க் ஸ்கோர் கூட இருந்தா 75 கிராம் குளுக்கோஸ் குடிச்சு ரெண்டு மணி நேரம் கழிச்சு பாக்கற டெஸ்ட்டும் எடுங்க, அது 140க்கு கீழ இருக்கணும், 140ல இருந்து 199 வரைக்கும் பார்டர், 200 வந்தா சுகர்னே அர்த்தம். மூணு மாச சராசரி பாக்கற ஹெச்பிஏ1சி நல்ல டெஸ்ட்தான், ஆனா ரத்த சோகை இருக்கறவங்களுக்கு அது தப்பா காட்டலாம், நம்ம வீட்டு பொம்பளைங்கள்ல எத்தன பேருக்கு ஹீமோகுளோபின் சரியா இருக்கு சொல்லுங்க.

பொம்பளைங்கன்னதும் ஞாபகம் வருது, எனக்கு ரொம்ப கடுப்பேத்தற விஷயம் இது. கர்ப்பத்துல சுகர் இருந்துச்சு, புள்ள பொறந்ததும் போயிடுச்சுன்னு ஃபைல தூக்கி பரண்ல போட்டுடறாங்க. அப்படி வந்தவங்களுக்கு பின்னாடி நிரந்தரமா சுகர் வர்ற வாய்ப்பு மத்தவங்கள விட ஏழு மடங்கு கிட்ட. பிரசவம் ஆகி 6 வாரத்துல மறுபடி பாக்கணும், அப்புறம் வருஷா வருஷம் பாக்கணும். குழந்தைக்கு தடுப்பூசி போட கரெக்டா வர்றவங்கதான், தனக்குன்னு ஒரு டெஸ்ட்டுனா வர மாட்டாங்க.

பிரஷர் விஷயத்துல தப்பு எங்க மேலயும் இருக்கு, மறைக்கல. படியேறி மூச்சு வாங்க வந்தவர அப்படியே உக்கார வச்சு, சட்டக்கை மேலயே பட்டைய சுத்தி, பேசிக்கிட்டே இருக்கறப்ப எடுக்கறது. அஞ்சு நிமிஷம் சும்மா உக்காரணும், காப்பி குடிச்சு அர மணி நேரமாவது ஆகியிருக்கணும், ஒரு தடவ எடுத்தத வச்சு முடிவு பண்ணவும் கூடாது. கிட்னிக்கு ரத்தத்துல கிரியாட்டினின் (கிட்னி வெளியேத்த வேண்டிய கழிவு) மட்டும் பாத்துட்டு நிம்மதியா இருக்கறதும் இதே கதைதான், கிட்னி பாதி கெட்டப்புறம்தான் அது ஏறும். சுகரோ பிரஷரோ இருந்தா யூரின்ல அல்புமின்ங்கற புரதம் போகுதான்னு பாக்க சொல்லி கேளுங்க, அது முன்னாடியே காட்டிக் குடுத்துடும்.

2021ல தமிழ்நாடு அரசோட மக்களைத் தேடி மருத்துவம் திட்டம் வந்ததுல இருந்து வீட்டுக்கே வந்து பிரஷரும் சுகரும் பாக்கறாங்க, நல்ல விஷயம். ஆனா பகல்ல வந்தா வீட்ல பெரியவங்கதான் இருப்பாங்க, 35 வயசு ஆம்பளை வேலைக்கு போயிருப்பான், அவன்தான் சிக்க மாட்டான். கேம்ப் போடறவங்க ஞாயித்துக்கிழமயா பாத்து போடுங்க.

கடைசியா, "பார்டர்தான், ஒண்ணுமில்ல". இந்த ஒரு வார்த்தை கெடுத்த குடும்பம் எத்தனையோ. சென்னைல டாக்டர் ராமச்சந்திரன் டீம் 2006ல வெளியிட்ட ஆய்வுல, பார்டர்ல இருந்தவங்கள பிரிச்சு 3 வருஷம் பாத்தாங்க, வழக்கம் போல விட்டவங்கள்ல 100க்கு 55 பேருக்கு சுகர் வந்துடுச்சு, தினம் அர மணி நேரம் நட, சாப்பாட்ட குறைன்னு விடாம பின்னாடியே நின்னு சொன்ன குரூப்ல 39 தான். எங்க மாமாவுக்கு குளுக்கோஸ் குடிச்சப்புறம் 168, பார்டர். மாத்திரை இல்ல. ராத்திரி சோத்துல பாதி குறைச்சு, பஸ்ஸுக்கு ரெண்டு ஸ்டாப் முன்னாடியே இறங்கி நடக்கறாரு, அடுத்த டெஸ்ட் தேதிய அக்கா கேஸ் புக் பண்ற தேதிக்கு பக்கத்துல காலண்டர்லயே எழுதி வச்சிருக்கா.