கட்டைப் பிரித்தால்தான் கழித்தல்

இரண்டாம் வகுப்புப் படிக்கும் மகள், 42-இல் 17 போனால் 35 என்றே எழுதிக்கொண்டிருந்தாள். "கடன் வாங்குடி" என்று நான் கத்தியதுதான் மிச்சம். அப்புறம்தான் கவனித்தேன்: 2-இல் 7 போகாததால், 7-இல் 2-ஐக் கழித்து 5 போடுகிறாள். அந்த 4 என்பது நான்கு பத்து என்று பிடிபடவே இல்லை.

ஈர்க்குச்சிகளை ஒடித்து, பத்துப் பத்தாக ரப்பர் பேண்ட் போட்டோம். நாலு கட்டு, இரண்டு உதிரி. "பதினேழு குடு, முதல்ல அந்த ஏழு" என்றேன். இரண்டை நீட்டினாள், விழித்தாள், தானே ஒரு கட்டைப் பிரித்தாள். பன்னிரண்டு உதிரியில் ஏழு போக ஐந்து. மூன்று கட்டில் ஒன்று போக இரண்டு. 25!

தினமும் சாயங்காலம் கால் மணி நேரம், இரண்டு வாரம். இப்போது குச்சி வேண்டாம். நோட்டு ஓரத்தில் மட்டும் குட்டிக் கட்டுகள் வரைகிறாள். நான் அழிக்கச் சொல்வதில்லை.