அம்பாசடரின் பழைய எஞ்சின்: போர் போடுவதா, மாற்றுவதா?

"எஞ்சின் போயிடுச்சு சார், இசுஸு எஞ்சினை இறக்கிடலாம்." பழைய அம்பாசடர் வாங்கியவர்கள் அனேகமாக எல்லோரும் கேட்டிருக்கும் வசனம் இது. பழைய எஞ்சினை எடுத்துவிட்டு, பிற்கால அம்பாசடரில் வந்த ஜப்பானிய இசுஸு எஞ்சினை மாட்டுவது என்று அர்த்தம். பல வண்டிகளில் எஞ்சின் போயிருக்காது. சோதித்துப் பார்க்கப் பொறுமைதான் இருந்திருக்காது. முதல்முறை பழைய கார் வாங்கியவர்கள் தாங்களே பார்த்து முடிவெடுக்க என்ன செய்ய வேண்டும் என்று வரிசையாகச் சொல்கிறேன்.

நான் பேசப்போவது அம்பாசடரின் மார்க் 2 முதல் மார்க் 4 வரையான மாடல்களில் வந்த 1489 சிசி பெட்ரோல் எஞ்சினைப் பற்றி. இது பிரிட்டனின் பிஎம்சி நிறுவனத்தின் 'பி சீரிஸ்' எஞ்சின். சிலிண்டர்கள் உள்ள பிளாக்கும் அதை மேலே மூடும் ஹெட்டும் வார்ப்பிரும்பு, பிஸ்டன்கள் சுழற்றும் கிராங்க் தண்டுக்கு மூன்று மெயின் பேரிங், வால்வைத் தள்ளப் புஷ் ராடு. அவ்வளவு எளிமையான சாமான் என்பதால் தேய்ந்ததை எல்லாம் திரும்பச் செய்துவிடலாம். தேய்ந்த சிலிண்டரை லேத் பட்டறையில் கடைந்து பெரிதாக்கி, அதற்கேற்ற பெரிய பிஸ்டனைப் போடுவதைத்தான் 'போர் போடுவது' என்பார்கள். பிரிமியர் பத்மினியின் 1089 சிசி எஞ்சினுக்கும் இதில் முக்கால்வாசி பொருந்தும். அதில் ஹெட் அலுமினியம் என்பதால் சூடேறினால் வளையும், அதை மட்டும் கூடுதலாகக் கவனியுங்கள்.

1. ஸ்பேனரைத் தொடும் முன் ஆர்.சி. புத்தகம்

பிளாக்கில் உள்ள எஞ்சின் நம்பரைத் துடைத்து, ஆர்.சி.யில் உள்ளதோடு ஒப்பிடுங்கள். டாக்சியாக ஓடியது, அரசு ஏலத்தில் போனது என்று பல கை மாறிய வண்டிகளில் எஞ்சினை எப்போதோ மாற்றியிருப்பார்கள், காகிதத்தில் ஏற்றியிருக்க மாட்டார்கள். நம்பர் ஒத்துப்போகவில்லை என்றால் 'ஒரிஜினல் எஞ்சினைக் காப்பாற்றுவதா' என்ற கேள்வியே இல்லை. முதலில் காகிதத்தைச் சரிசெய்ய வேண்டும்.

நம்பர் ஒத்துப்போனால் முதல் பதிவுத் தேதியைப் பாருங்கள். ஏன் என்று கடைசியில் வருகிறேன்.

2. சில்லறைக் கோளாறுகளைக் கழியுங்கள்

இழுவை இல்லை, ஏற்றத்தில் திணறுகிறது, சூடேறுகிறது என்ற மூன்றுக்கும் எஞ்சினுக்கு வெளியேயே காரணம் இருக்கலாம். தீப்பொறிக்கான பாயின்ட், கண்டென்சர், பிளக், டைமிங், வால்வுக்கான டேப்பெட் இடைவெளி, பெட்ரோலைக் காற்றோடு கலக்கும் கார்புரேட்டர் எல்லாவற்றையும் முதலில் சரிசெய்யுங்கள். ரேடியேட்டர் குழாய்கள் அடைத்திருக்கின்றனவா என்றும் பாருங்கள். இப்போது பெட்ரோல் பங்க்குகளில் வரும் எத்தனால் கலந்த பெட்ரோல் பழைய ரப்பர் ஹோஸையும் பெட்ரோல் பம்ப் டயாஃப்ரத்தையும் கெடுக்கும். அவற்றை மாற்றாமல் "எஞ்சின் போயிடுச்சு" என்று சொல்வது அவசர முடிவு.

3. புகையையும் ஆயிலையும் பாருங்கள்

காலையில் குளிர்ந்த எஞ்சினை ஸ்டார்ட் செய்து, பின்னால் ஒருவரை நிறுத்துங்கள். கறுப்புப் புகை பெட்ரோல் அதிகம் போவதால் வருவது, கார்புரேட்டர் வேலை. வெள்ளைப் புகை சூடான பிறகும் நிற்காமல் வந்து, ரேடியேட்டரில் தண்ணீரும் குறைந்தால் ஹெட்டுக்கும் பிளாக்குக்கும் நடுவில் அடைக்கும் ஹெட் கேஸ்கட் போயிருக்கும், அல்லது எங்கோ விரிசல். நீலப் புகை என்றால் ஆயில் எரிகிறது. அது எப்போது வருகிறது என்பதில்தான் விஷயம் இருக்கிறது. ஆக்சிலரேட்டரை மிதிக்கும்போது வந்தால் பிஸ்டன் ரிங், சிலிண்டர் பக்கம் சந்தேகப்படுங்கள். இறக்கத்தில் காலை எடுத்துவிட்டு மறுபடி மிதிக்கும்போது மட்டும் குபுக்கென்று வந்தால் பெரும்பாலும் வால்வு கைடு, அதாவது வால்வு ஏறி இறங்கும் குழாய். முதலாவதற்கு எஞ்சினை வண்டியிலிருந்து வெளியே எடுக்க வேண்டும், இரண்டாவதற்கு ஹெட்டைக் கழற்றினால் போதும். செலவில் மலைக்கும் மடுவுக்கும் உள்ள வித்தியாசம்.

டிப்ஸ்டிக்கில் ஆயில் பால்காப்பி நிறத்தில் இருந்தால் தண்ணீர் கலந்திருக்கிறது. ஆயில் மூடியின் அடியில் மட்டும் கொஞ்சம் வெண்மை படிந்திருந்தால் பதற வேண்டாம். பக்கத்துத் தெரு வரைக்கும் மட்டும் ஓடும் வண்டிகளில் ஈரம் அப்படிப் படியும்.

அப்புறம், ஆயில் பிரஷர். மெக்கானிக்கல் கேஜ் ஒன்றை மாட்டி, வண்டியை அரை மணி ஓட்டிச் சூடேற்றிவிட்டுப் பாருங்கள். ஓட்டத்தில் 40 பிஎஸ்ஐக்கு மேலும், ஐடிலில் (வண்டி நின்று எஞ்சின் மட்டும் ஓடும்போது) 15 பிஎஸ்ஐக்கு மேலும் நின்றால் பேரிங்குகள் இன்னும் கொஞ்ச காலம் தாங்கும். விற்பவர் கெட்டி ஆயிலை ஊற்றிச் சத்தத்தை அமுக்கியிருக்கலாம். அதனால் வண்டி கைக்கு வந்ததும் சரியான கிரேடு ஆயிலை மாற்றிவிட்டே இந்தச் சோதனையைச் செய்யுங்கள்.

4. கம்ப்ரஷன் டெஸ்ட்

இதைத் தவிர்த்துவிட்டு முடிவு சொல்லும் மெக்கானிக்கிடம் வண்டியை விடாதீர்கள். கேஜ் விலை அதிகமில்லை, நீங்களே செய்யலாம். எஞ்சின் சூடாக இருக்கட்டும். நான்கு பிளக்குகளையும் கழற்றுங்கள், காயில் ஒயரை எடுத்துவிடுங்கள். ஒருவர் ஆக்சிலரேட்டரை முழுக்க மிதித்தபடி ஸ்டார்ட்டரைச் சுற்ற, கேஜ் முள் ஏறி நிற்கும் இடத்தைக் குறித்துக்கொள்ளுங்கள். பேட்டரி முழு சார்ஜில் இல்லை என்றால் எண்கள் பொய் சொல்லும்.

ஒரு பேச்சுக்கு, நான்கு சிலிண்டர்களுக்கும் வரிசையாக 125, 120, 80, 120 பிஎஸ்ஐ என்று வந்ததாக வைத்துக்கொள்வோம். மூன்றாவது சிலிண்டர் படுத்திருக்கிறது. பிளக் துவாரம் வழியாக ஒரு ஸ்பூன் எஞ்சின் ஆயிலை விட்டு, மறுபடி சுற்றுங்கள். 80 என்பது 110க்கு ஏறினால் ரிங் அல்லது சிலிண்டர் சுவர் தேய்ந்திருக்கிறது. ஆயில் அந்த இடைவெளியைத் தற்காலிகமாக அடைத்திருக்கிறது. 80லேயே நின்றால் வால்வு சரியாக உட்காரவில்லை. பக்கத்துப் பக்கத்துச் சிலிண்டர்கள் இரண்டும் ஒன்றாகக் குறைந்திருந்தால் நடுவில் ஹெட் கேஸ்கட் போயிருக்க வாய்ப்பு அதிகம். நான்கும் கொஞ்சம் குறைவாக, ஆனால் பத்து சதவீத வித்தியாசத்துக்குள் இருந்தால் அந்த எஞ்சின் சீராகத் தேய்ந்திருக்கிறது, அவ்வளவுதான். ஆயில் குடிக்காவிட்டால் அப்படியே ஓட்டுங்கள்.

5. திறந்து அளப்பது

ஹெட்டுக்குக் கீழே, பிளாக் பக்கம் கோளாறு என்று சோதனைகள் காட்டினால்தான் எஞ்சினை வண்டியிலிருந்து வெளியே எடுக்க வேண்டும். ஹெட்டைக் கழற்றியதும் பிஸ்டன் தலையைத் துடைத்துப் பாருங்கள். முன்பே போர் போட்டிருந்தால் 020, 040, 060 என்று எண் குத்தியிருக்கும். ஓர் அங்குலத்தில் ஆயிரத்தில் எத்தனை பங்கு பெரிதாக்கியிருக்கிறார்கள் என்ற கணக்கு அது. லேத்தில் 'இருபது தவ், நாற்பது தவ்' என்பார்கள். ஸ்டாண்டர்ட் சிலிண்டரின் விட்டம் சுமார் 73 மி.மீ. எண் எதுவும் இல்லையென்றால் கொண்டாடுங்கள், இன்னும் பலமுறை போர் போட இடம் இருக்கிறது. 060 என்று இருந்தாலும் கதை முடியவில்லை. சிலிண்டருக்குள் ஸ்லீவ் என்ற குழாயைப் போட்டு ஸ்டாண்டர்ட் அளவுக்கே திரும்பக் கொண்டுவரலாம்.

சிலிண்டரை மேல், நடு, கீழ் என்று மூன்று இடத்தில், குறுக்கும் நெடுக்குமாக போர் கேஜ் வைத்து அளக்கச் சொல்லுங்கள். விரலால் தடவிப் பார்த்து "நாப்பது போட்டுடலாம்" என்று சொல்லும் லேத் வேண்டாம். கிராங்கில் பேரிங் உட்காரும் ஜர்னல்களையும் அப்படியே அளக்க வேண்டும். பிளாக்கிலும் ஹெட்டிலும் விரிசல் இருக்கிறதா என்று பிரஷர் டெஸ்ட் செய்ய வேண்டும். உண்மையில் எஞ்சினின் தலைவிதியைத் தீர்மானிப்பது இந்த விரிசல்தான். பிஸ்டன், பேரிங், வால்வு, ஏன் கிராங்க்கூட வேறு வாங்கலாம். நம்பர் குத்திய பிளாக்கைக் கடையில் வாங்க முடியாது.

ஹெட் கழன்றிருக்கும்போதே புகையை வெளியேற்றும் வால்வுகள் உட்காரும் இடத்தில் கடினமான சீட் போட்டுவிடுங்கள். இந்தியாவில் 2000-ம் ஆண்டோடு ஈயம் கலந்த பெட்ரோல் நின்றுவிட்டது. அந்த ஈயம் வால்வு சீட்டைத் தேயாமல் காக்கும் என்று நம்பிச் செய்த வார்ப்பிரும்பு ஹெட் இது.

6. செலவுக் கணக்கு

ஓவர்ஹாலுக்கு, அதாவது எஞ்சினைப் பிரித்துத் தேய்ந்ததைச் சரிசெய்து மறுபடி கோர்ப்பதற்கு, லேத் கூலி, சாமான், மெக்கானிக் கூலி என்று தனித்தனியாக எழுதி வாங்குங்கள். மொத்தமாக ஒரு தொகை சொன்னால் ஒப்பிட முடியாது.

மாற்றும் யோசனைக்கு இரண்டு வழி உண்டு. முதல் வழி, இன்னொரு 1489 எஞ்சினைப் சென்னைப் புதுப்பேட்டை மாதிரி பழைய உதிரிபாகச் சந்தையில் தேடி வாங்குவது. அதன் உள்ளே என்ன இருக்கிறது என்று யாருக்கும் தெரியாது, அதையும் திறந்து அளக்கத்தான் வேண்டும். அதாவது ஓவர்ஹால் செலவு எங்கும் போகவில்லை. நல்ல கிராங்குக்கோ ஹெட்டுக்கோ அதை வாங்கினால் லாபம்.

இரண்டாவது, 1990களில் அம்பாசடருக்கே வந்த 1.8 லிட்டர் இசுஸு. 75 குதிரைத்திறன், ஐந்து கியர், அருமையான எஞ்சின், குறை சொல்ல எதுவும் இல்லை. ஆனால் "எஞ்சின் விலை இவ்வளவுதான்" என்று சொல்லும்போது மவுன்டிங், கியர் பாக்ஸ், புரொப்பெல்லர் ஷாஃப்ட், ரேடியேட்டர், சைலன்சர் குழாய், கிளட்ச் இணைப்பு, ஒயரிங் எதுவும் அந்தக் கணக்கில் வராது. 50 குதிரைத்திறனை ஒட்டிய எஞ்சினுக்காக வைத்த டிரம் பிரேக்கையும் பார்க்க வேண்டும். எல்லாவற்றையும் கூட்டினால் ஓவர்ஹாலைத் தாண்டிவிடுவது சாதாரணம்.

7. சட்டம் என்ன சொல்கிறது

1988-ம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-வது பிரிவு, ஆர்.சி.யில் உள்ள விவரத்துக்கு மாறாக வண்டியை மாற்றக்கூடாது என்கிறது. எஞ்சினை மாற்றுவதற்கு ஆர்.டி.ஓ. அலுவலக அனுமதி வேண்டும், புது நம்பர் ஆர்.சி.யில் ஏற வேண்டும், இன்சூரன்ஸ் நிறுவனத்துக்கும் எழுத்தில் தெரிவிக்க வேண்டும். வேறு ரக எஞ்சின் என்றால் அனுமதி கிடைக்குமா என்று முதலில் விசாரித்துவிட்டுப் பணத்தைக் கொடுங்கள்.

பதிவுத் தேதியைப் பார்க்கச் சொன்னது இதற்காக: 2021-ல் வந்த மத்திய விதிப்படி, பதிவாகி 50 ஆண்டு தாண்டி, அசல் வடிவத்திலேயே இருக்கும் வண்டியை 'விண்டேஜ்' என்று பதியலாம். கட்டணம் 20,000 ரூபாய், 10 ஆண்டுக்குச் செல்லும், புதுப்பிக்க 5,000. தினசரி ஓட்ட முடியாது. கண்காட்சி, பேரணி, பராமரிப்பு போன்றவற்றுக்குத்தான் வெளியே எடுக்கலாம். 1975-க்கு முந்தைய மார்க் 2 வண்டிகள் வயதில் தேறிவிடும். இசுஸு இறக்கியவை அசல் வடிவத்தில் தேறாது.

8. சரி, முடிவு?

பிளாக் நன்றாக இருக்கிறது, நம்பர் ஒத்துப்போகிறது என்றால் ஓவர்ஹால் செய்யுங்கள், யோசிக்கவே வேண்டாம். பிஸ்டனைக் கிராங்கோடு இணைக்கும் கனெக்டிங் ராடு பிளாக்கைக் குத்திக்கொண்டு வெளியே வந்துவிட்டது, அல்லது விரிசலை அடைக்க முடியாது என்று ஒன்றுக்கு இரண்டு லேத்தில் சொல்லிவிட்டார்கள் என்றால் இன்னொரு 1489 எஞ்சினைத் தேடுங்கள். எஞ்சினை முன்பே மாற்றிய வண்டி, வாராவாரம் நெடுஞ்சாலையில் நூறு கிலோமீட்டர் வேகத்தில் போக ஆசை, ஆர்.டி.ஓ. அனுமதியும் கிடைக்கிறது என்றால் மட்டும் இசுஸு.

எதை மாட்டினாலும், கழற்றிய எஞ்சினை "நான் எடுத்துக்கிறேன், கூலியில் கழிச்சுக்கலாம்" என்று மெக்கானிக் கேட்டால் கொடுக்காதீர்கள். தண்ணீரை வடித்து, சிலிண்டருக்குள் ஆயில் விட்டு, பிளக்குகளைத் திரும்ப மாட்டி, மற்ற துவாரங்களை டேப் ஒட்டி மூடி, தரையில் படாமல் மரக்கட்டை மேல் வையுங்கள். எஞ்சின் நம்பரைப் போட்டோ எடுத்து ஆர்.சி. நகலோடு வையுங்கள். பின்னால் வண்டியை விற்கும்போது வாங்குபவர் முதலில் கேட்பது அதைத்தான்.