குஞ்சைத் தூக்கியது எது என்று முதலில் பாருங்கள்

பண்ருட்டி பக்கம் முந்திரித் தோப்பை ஒட்டி வீடு இருந்தால் கோழிக்கு மேய்ச்சலுக்குக் குறையே இருக்காது. ஆனால் அதே தோப்புச் சருகுக்குள் கீரி இருக்கும், மேலே பருந்து வட்டம் போடும், வைக்கோல் போருக்கு அடியில் பெருச்சாளி வளை பறித்திருக்கும். போன மாசியில் எங்கள் பெட்டைக்கோழி பதினொரு குஞ்சு பொரித்தது, பத்தே நாளில் மூன்றுதான் மிச்சம். தெருநாய்தான் என்று நானாக முடிவு கட்டி வேலி முழுக்க முள் வெட்டிப் போட்டேன், அப்புறம் ஒரு நாள் காலையில் திண்ணையில் உட்கார்ந்து பார்த்தால் பருந்து முருங்கை மரத்திலிருந்து இறங்கிக் குஞ்சைக் கொத்திக்கொண்டு போகிறது. அன்று பட்ட வேதனையில்தான் இதை எழுதுகிறேன்.

காசு செலவழிக்கும் முன் தடயத்தைப் பாருங்கள். பகலில் குஞ்சு காணாமல் போய், ரத்தமோ இறகோ இல்லாமல், தாய்க்கோழி செடிக்குள் பதுங்கிக் கத்திக்கொண்டிருந்தால் பருந்து, வல்லூறு, இல்லையென்றால் காகம். பொரித்த முதல் வாரத்தில் காகம் ஒன்றே போதும், அதை யாரும் பெரிதாக எடுத்துக்கொள்வதில்லை. கழுத்தில் கடிபட்டு உடம்பு அப்படியே கிடந்தால் பெரும்பாலும் கீரி. வாசல் முழுக்க இறகு சிதறி, நாலைந்து கோழி குதறப்பட்டுத் தின்னாமல் கிடந்தால் நாய். ராத்திரியோடு ராத்திரியாக அடை முட்டை ஓடுகூட மிச்சமில்லாமல் மறைந்தால் பாம்பு, அது முட்டையை முழுசாக விழுங்கிவிடும். கூண்டு ஓரம் புது மண் கிளறிக் கிடந்தால் பெருச்சாளி.

ராத்திரிக் கூண்டைப் பற்றிச் சொல்கிறேன். கோழி வலை என்று கடையில் கேட்டால் கொடுக்கும் அறுகோணக் கண் வலை, கோழி வெளியே போகாமல் இருக்கத்தான் ஆகும். நாய் பல்லால் இழுத்தால் பிய்ந்துவிடும், எலியும் சின்னப் பாம்பும் அதன் கண் வழியாகவே நுழையும். தரையிலிருந்து மூன்று அடி உயரத்துக்காவது அரை அங்குலக் கண் உள்ள வெல்டு மெஷ், அதாவது கம்பியைப் பற்றவைத்துச் செய்த கெட்டி வலை, போடுங்கள். அதே மெஷை அடியில் வெளிப்பக்கமாக ஒன்றரை அடி மடக்கித் தரையில் விரித்து, மேலே கல்லும் மண்ணும் போட்டுவிட்டால் தோண்ட வரும் எதுவும் சுவரோரம் தோண்டிப் பார்த்துக் கம்பியில் முட்டித் திரும்பிவிடும். இதை மட்டும் தள்ளிப்போடாதீர்கள். கதவுக்குக் கயிறு கட்டாமல் தாழ்ப்பாள் போடுங்கள். பொழுது சாயும்போது எண்ணி அடையுங்கள், கோழிக்கு இருட்டில் கண் சரியாகத் தெரியாது, வெளியே தங்கிய கோழியால் தப்பிக்கவே முடியாது.

மேலிருந்து வருவதைத் தடுக்க மலிவான வழி பழைய மீன்வலை. கடலூர் தேவனாம்பட்டினம் பக்கம் கடற்கரையில் கழித்துப் போட்ட வலையைக் கேட்டு வாங்கி, குஞ்சு மேயும் இடத்துக்கு மேல் ஆள் உயரத்தில் இழுத்துக் கட்டுங்கள். தரையில் தொங்க விடாதீர்கள், நைலானில் பாம்பு சிக்கிச் சாகும், உயிரோடு சிக்கிய பாம்பை எடுக்கப் போவதும் ஆபத்து. பளபளக்கும் பழைய சிடி கட்டுவது கொஞ்ச நாளைக்குத்தான், பறவைக்குப் பழகிவிடும். விஷம் மட்டும் வைக்கவே வைக்காதீர்கள். கீரி 1972 வனவிலங்குச் சட்டத்தில் பாதுகாக்கப்பட்ட பிராணி, அதோடு நாம் வைத்த விஷத்தை அடுத்த வீட்டு நாயும் தின்னும்.

சரி, அடை வைப்பது. எங்கள் பக்கம் தையிலிருந்து பங்குனி வரை நல்ல காலம். ஐப்பசி, கார்த்திகையில் வங்கக்கடலில் தாழ்வு நிலை வந்தால் நாள்கணக்கில் ஈரம். இடி இடித்தால் முட்டை கெடும் என்று கூடைக்குள் கரித்துண்டும் இரும்பும் போடுவார்கள், போட்டால் நஷ்டமில்லை, ஆனால் மழைக்காலத்தில் முட்டையைக் கெடுப்பது அடியில் ஏறும் ஈரம்தான் என்று நினைக்கிறேன். கூடையைப் பலகை மேல் வையுங்கள். அடியில் காய்ந்த மணல், மேலே வைக்கோல், நடுவில் நொச்சி இலை, பேன் அண்டாமல் இருக்க அது நல்லது. இட்டு ஒரு வாரத்துக்கு உள்ளான முட்டையாக, கழுவாமல், கோழியின் உடம்புக்கு அடங்கும் அளவுக்குப் பத்து, பன்னிரண்டு போதும். சாயங்காலம் இருட்டியதும் வைத்தால் கோழி கலையாமல் உட்காரும்.

ஏழாம் நாள் ராத்திரி செல்போன் டார்ச்சில் முட்டையைப் பிடித்துப் பாருங்கள், சிலந்தி மாதிரி நரம்பு ஓடினால் கரு கூடியிருக்கிறது, தெளிவாகவே இருந்தால் எடுத்துவிடலாம். 18ஆம் நாளுக்கு மேல் தொடாதீர்கள். 21ஆம் நாள் ஓட்டில் கொத்து விழுந்த பிறகு குஞ்சு வெளியே வர ஒரு நாள்கூட ஆகும், பாவம் என்று ஓட்டைப் பிய்த்தால் ரத்தம் வந்து செத்துப்போகும்.

முதல் மூன்று வாரம் தாயையும் குஞ்சையும் பஞ்சாரம் என்கிற கவிழ்த்த கூடையிலோ வலைக்குக் கீழேயோ வைத்து வளர்த்தால் பாதி இழப்பு குறையும். அரிசி நொய்யும் கம்பு நொய்யும் போடுங்கள், தண்ணீரைத் தட்டையான தட்டில் கூழாங்கல் போட்டு வையுங்கள், இல்லையென்றால் விழுந்து நனைந்து விறைத்துப்போகும். ஏழாம் நாளுக்குள் வெள்ளைக்கழிச்சல் நோய்க்கு லசோட்டா என்கிற தடுப்பு மருந்தைச் சொட்டாக கண்ணிலோ மூக்கிலோ விட வேண்டும். மருந்து குப்பி பெரும்பாலும் நூறு குஞ்சுக்கோ அதற்கு மேலோ ஆகும் அளவில்தான் வரும், கலக்கினால் இரண்டு மணி நேரத்துக்குள் தீர்க்க வேண்டும், அதனால் அக்கம்பக்கத்தில் அடை வைத்தவர்களிடம் முன்கூட்டியே பேசி எல்லா வீட்டுக் குஞ்சுக்கும் ஒரே நாளில், ஐஸ் கட்டி போட்ட தூக்குவாளியில் மருந்தைக் கொண்டுவந்து விட்டுவிடுங்கள்.